அக்கா போடச் சொன்ன இரண்டாவது கோடு

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். உங்களுக்குத் திருவண்ணாமலையிலோ கீழ்பென்னாத்தூர் பக்கமோ சொந்தக்காரர்கள் இருந்தால் பேச்சுவாக்கில்கூடச் சொல்லிவிடாதீர்கள். என் பெயரை எழுதவில்லை. அக்காவின் பெயரை மட்டும் எழுதுகிறேன். கஸ்தூரி. அவளுக்கு இனிமேல் யாரும் மாப்பிள்ளை பார்க்கப் போவதில்லை. அதனால் அவள் பெயரை எழுதலாம்.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். சென்னையில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில் வருடத்துக்கு ஒருமுறை நாம் எல்லோரும் உட்கார்ந்திருப்போமே, அங்கே சக்கர நாற்காலியில் இருந்தபடியே எல்லோருடைய டோக்கன் நம்பரையும் விசாரித்து, யார் முதலில் யார் பிறகு என்று சண்டை வராமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றவள் நான். அக்காவைப் பற்றி எழுதித் தந்தால் ஜெராக்ஸ் எடுத்து நம் குடும்பங்களுக்கெல்லாம் அனுப்புவதாக அங்கே ஆராய்ச்சி பண்ணும் டாக்டரம்மா சொன்னார். அதனால் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. வேதியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் வந்து டீச்சரிடம் ஏதோ சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் புத்தகத்தை மூடிவிட்டேன். வெளியே கேட் பக்கத்தில் மாமாவின் லோடு வண்டி நின்றிருந்தது. குமரேசன் மாமா, அம்மாவின் தம்பி. கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிலாக்கொட்டை மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றி வருகிறவர். அந்த நேரத்தில் அவர் மண்டியில் இருக்க வேண்டும்.

“டிபன் பாக்ஸ எடுத்துக்கினியா?” என்றார். அக்காவுக்கு முடியலையா என்று கேட்டேன். “ஏறு பாப்பா” என்றார். வேங்கிக்கால் திருப்பம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சாப்ட்டுட்டுத்தான் படுத்தாளாம். மோர் கேட்டாளாம். உங்கம்மா எடுத்தாறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

எப்படி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நரம்பில் ஆரம்பித்துக் கடைசியில் இதயத்துக்கு வரும் என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு இருபத்தைந்து வயது.

ஃபிரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற பெயரை நாம் அங்கே பஸ் நம்பரைச் சொல்வது போலச் சொல்வோம். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘சைக்கிள்ல விழுந்தது’. பதினோரு வயதில் அக்கா சைக்கிளிலிருந்து விழுந்தாள், முதுகில் அடிபட்டது, அன்றிலிருந்து கால் சரியில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இதுதான் தெரியும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டின அன்றுகூட, பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர், “அந்த சைக்கிள எவன் வாங்கிக் குடுத்தானோ” என்று அழுதார். அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். “விழுந்ததால வியாதி வரலடி. வியாதி வந்துட்டதாலதான் விழுந்தேன். சைக்கிள் பாவம்” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவள் வேலை பார்த்தது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பிரௌசிங் சென்டரில். வெளிநாட்டுக்காரர்கள் வந்து மெயில் பார்க்கும் இடம். காலையில் மாமாதான் அவளை டிவிஎஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவார். அவள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவாள் என்பதால் தன் துண்டை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டுத் தன் வயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். ரோட்டில் யாராவது பார்த்துச் சிரித்தால், “பார்சல் போவுது, வழி விடுங்க” என்று அக்காவே சத்தம் போடுவாள்.

விரல் நினைத்த இடத்தில் நிற்காது அவளுக்கு. ஒரு எழுத்தை அழுத்தப் போனால் நாலு எழுத்து விழும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் கெட்டியானவற்றைப் பொறுக்கி, நாலைந்தை ஒன்றாக ஒட்டி, கீபோர்டு அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஓட்டை போடச் சொன்னாள். நானும் மாமாவும் பிளேடால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெட்டினோம். அதைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டால் விரல் ஓட்டைக்குள் மட்டும்தான் இறங்கும். அடியில் பார்த்தால் யார் யாருடைய பெயரோ, ‘செல்வன்’, ‘செல்வி’ என்று இருக்கும். “கல்யாணப் பத்திரிகை எனக்கும் உபயோகப்பட்டுச்சு பாத்தியா” என்றாள்.

அந்த அட்டையை வைத்துத்தான் அவள் தன் வியாதியின் பெயரைத் தட்டித் தேடினாள். சென்னையில் ஒரு கூடத்தில் அதன் மரபணுவைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, நோய் உள்ள குடும்பங்களைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு மெயில் அனுப்பியதும் அவள்தான். பதில் வந்த அன்று கூலிங் கிளாஸ் போட்ட ஒரு வெளிநாட்டு அம்மாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்து பூத்திலிருந்து அப்பாவின் ஆபீசுக்கு போன் பண்ணினாளாம்.

அவள் தைரியம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பௌர்ணமி அன்று கிரிவலத்துக்காகச் செங்கம் ரோட்டில் வண்டி எதையும் விடமாட்டார்கள். அப்படி ஒரு பௌர்ணமியில் அக்காவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். தடுப்புக் கட்டைக்கு முன்னால் கூட்டம் தேங்கிவிட்டது. போலீஸ்காரர் அக்காவைப் பார்த்துக் கட்டையை ஒதுக்கி, “நீ போம்மா” என்றார். அக்கா நகரவில்லை. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், இரண்டு வயதானவர்கள், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். எல்லோரையும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். “இவங்கல்லாம் எங்க வூட்டு ஆளுங்க சார்.”

போலீஸ்காரர் வெள்ளைக்காரரைக் காட்டினார். “இவரு?”

“எங்க சித்தப்பா சார். கலர்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

அவர் சிரித்துவிட்டார். எல்லோரும் போனோம். நான்தான் தடுப்பைத் தாண்டும் வரைக்கும் தலையைத் தூக்கவில்லை.

சென்னைக்கு முதல் தடவை போனபோது டாக்டரம்மா எங்கள் குடும்பத்தைப் படமாகப் போட்டார். உங்கள் குடும்பங்களுக்கும் போட்டிருப்பார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், வியாதி இருந்தால் கறுப்பு. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரண்டு கோடு. “சொந்தமா, அசலா?” என்று கேட்டார். அப்பா உடனே, “அசல்தாங்க” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா ஒரு கோடு போட்டார்.

அம்மா அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள்.

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அக்காவுக்கு முதன்முதலில் கால் தடுமாறியபோது ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர், “படிச்சிருக்கீங்களே, அக்கா பொண்ணையே கட்டியிருக்கீங்களே” என்று வரிசையில் நின்றவர்கள் காதுபடத் திட்டினாராம். அன்றிலிருந்து எந்த டாக்டர் கேட்டாலும் அப்பாவின் வாயில் அசல் என்றுதான் வரும். தினமும் ஆபீஸ் விட்டு வந்து அக்காவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவரும் அவர்தான். நாலு நாள் முன்பு ஒரு கை, ஒரு கால் விடாமல் தேய்த்து, “இன்னிக்கு பரவால்ல இல்ல?” என்று கேட்டதை நான் பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நாலு நாள் முன்பு இல்லை. அவள் போய் முப்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த முதல் தடவைதான் அக்காவின் கையிலிருந்து துவரம்பருப்பு அளவுக்குத் தோல் எடுத்தார்கள். அதிலுள்ள செல்களைத் தட்டில் வளர்த்து, பழுதான மரபணுவுக்குப் பதில் சரியான ஒன்றை வைரஸ் மூலமாக உள்ளே அனுப்ப முடியுமா என்று பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். அக்கா நேராகக் கேட்டாள். “மேடம், இது எனக்கு மருந்தா வருமா?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “உங்களுக்கு வராதும்மா. இப்ப தட்டுல இருக்கிற செல்லுலதான் முயற்சி பண்றோம். அடுத்து எலி. மனுஷங்களுக்கு எப்ப வரும்னு எனக்கே தெரியல. பலிக்காமயும் போகலாம்.”

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். தோல் எடுக்க அக்கா கையை நீட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், செஞ்சி தாண்டியதும் என் தோளில் இடித்தாள். “நேரா சொல்லிடுச்சு பாரு. இத்தினி வருஷத்துல ஒரு டாக்டர் சொன்னாங்களா? எனக்கு அந்தம்மாவ ரொம்பப் புடிச்சிருச்சுடி.”

அந்த ஆராய்ச்சியை அவள் மாமாவுக்கு விளக்கியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வைரஸ் என்றால் கெட்டதாச்சே, அதை எப்படி உடம்புக்குள் விடுவார்கள் என்று மாமா கேட்டார். அக்கா வாசலில் நின்ற லோடு வண்டியைக் காட்டினாள். “உன் வண்டியில இருக்கிற கெட்ட சரக்க எல்லாம் இறக்கிடறாங்க மாமா. வண்டி மட்டும் மிச்சம். அதுல நல்ல ஜீனை ஏத்தி அனுப்பறாங்க. வைரஸ்க்கு செல்லுக்குள்ள நுழையற வழி நல்லா தெரியும் இல்ல?”

மாமா எட்டி வண்டியைப் பார்த்தார். “அப்ப இன்னா தகராறு? அனுப்ப வேண்டிதுதானே.”

“வண்டி கிளம்பிடுது. ஆனா முதுகுத்தண்டுத் தெருவுல நிக்க மாட்டேங்குது. நேரா போயி ஈரல்கிட்ட இறக்கிட்டு வந்துடுது.”

“டிரைவர் சரியில்ல” என்றார் மாமா. ரொம்ப நாளைக்கு அவர் சென்னை பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம், “டிரைவர் கெடைச்சானானு கேட்டுட்டு வா” என்பார்.

அந்த மாமாவுக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேச்சு ஆரம்பித்தது. நான் பத்தாவது முடித்த வருடம். எங்கள் பக்கத்தில் அக்கா பெண்ணைத் தம்பிக்குக் கொடுப்பது வழக்கம்தான், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அதுவும் வெளியில் பார்த்தால் மூத்தவளைப் பற்றித் துருவுவார்கள், மாமா வீடு என்றால் கேள்வியே வராது என்று அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது.

அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது அப்பாவை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். அம்மா வெளியே இருந்தார். உள்ளே நானும் அவளும் டாக்டரம்மாவும்தான். நாக்குக் குழற ஆரம்பித்திருந்த நேரம் அது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் பேசினாள்.

“மேடம், அந்தப் படத்துல ஒரு கோடு கம்மியா இருக்கு.”

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. பழைய தாளை எடுத்து அம்மாவின் வட்டத்துக்கும் அப்பாவின் கட்டத்துக்கும் நடுவே இரண்டாவது கோட்டைப் போட்டார். பிறகு கேட்டார், “ஏம்மா, இவ்வளவு நாள் கழிச்சு?”

அக்கா என்னைக் காட்டினாள். “இவள எங்க மாமாவுக்குக் குடுக்கப் போறாங்க. எங்கம்மாவோட தம்பி. நீங்க ஒத்தக் கோட்ட வச்சிக்கினு, இவளுக்கு ஒரு பயமும் இல்லனு சொல்லி அனுப்பிடுவீங்க.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பொறுமையாகச் சொன்னார். பழுதான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் வியாதி வராது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்கும் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாமாவுக்கும் அப்படியே. இரண்டு பேருக்கும் இருந்துவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. “உனக்குப் பதினெட்டு முடியட்டும். ரெண்டு பேரும் ரத்தம் கொடுங்க. அது தெரியிற வரைக்கும் எதையும் முடிவு பண்ணாதீங்க.”

வராந்தாவுக்கு வந்ததும் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அக்கா என் கையைத் தேடிப் பிடித்தாள். பிடிக்கப் போய் இரண்டு தடவை தவறிவிட்டது. “அப்பா பாவம்டி. திட்டு வாங்கப் பயந்துட்டாரு. நீயும் பயந்துக்கோ, தப்பில்ல. ஆனா பயத்தக் கொண்டுபோயி பேப்பர்ல எழுதாத.”

மாமாவிடம் தானே சொல்வதாகச் சொன்னாள். போலீஸ்காரரிடம் பேசினவள், டாக்டரிடம் பேசினவள், இதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஏன் இன்னும் கேட்கவில்லை என்று ஒருநாள் நான் கேட்டேன். “தினமும் என்ன முதுகுல கட்டிக்கினு போற ஆளு. உன் ரத்தத்துலயும் இருக்கானு முதுகுப் பக்கமிருந்து எப்படிடி கேக்கறது?” என்றாள். அவள் எதற்காவது தயங்கி நான் பார்த்தது அந்த ஒன்றுதான். அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கும்.

காரியத்தன்று கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பூத்திலிருந்து டாக்டரம்மாவுக்கு போன் பண்ணினேன். அக்கா போய்விட்டாள் என்றேன். “அவளோட செல் எல்லாம் நல்லா இருக்கும்மா. நேத்துதான் தட்டை மாத்தி, புதுசா ஊட்டம் வச்சோம்” என்றார். வீட்டில் அக்கா படத்துக்கு முன்னால் அவளுக்குப் பிடித்த எலுமிச்சை சாதத்தை இலையில் வைத்திருந்தார்கள். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டும் வரைக்கும் வைக்கவில்லை.

மறுநாள் அப்பா அக்காவின் பைல்களை எல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். படம் போட்ட தாளின் நகலும் அதில்தான் இருந்தது. எரிந்து முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “இதோட போச்சு. எவன் கேட்டாலும் சைக்கிள்ல விழுந்தா. வேற பேச்சு உன் வாயில வந்துது, நான் உசுரோட இருக்க மாட்டேன்” என்றார். அவர் கை முழுவதும் கரி. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, அந்தக் கையைக் கழுவிவிட வேண்டும் போலவும் இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்புவதற்குள் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். முப்பதாம் நாள் படையல் கும்பிட்டு முடித்த கையோடு பேசி முடித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுகிறார்கள். பரீட்சை முடிந்து, பதினெட்டும் முடிந்து, ஆவணியில் கல்யாணம். மாமா மறுக்கவில்லை. அவர் நல்லவர். அவரைக் கட்டிக்கொள்ள எனக்குப் பயம் இல்லை. எங்களுக்கு ஒரு பெண் பிறந்து, பதினோரு வயதில் அவள் சைக்கிளிலிருந்து விழுந்து, அவளைத் தன் வயிற்றோடு துண்டால் கட்டிக்கொண்டு மாமா வண்டி ஓட்டுவது தினமும் என் கண்ணில் வருகிறது. அதுதான் பயம்.

அக்காவின் நாற்காலியை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். துணிமணிகளை அத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை பிரௌசிங் சென்டரிலேயே இருக்கிறது, ஓனர் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உனக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்கு வேண்டியதை நான் ஏற்கெனவே எடுத்துக்கொண்டேன். அவள் கேட்காமல் விட்டுப்போன அந்த ஒரு கேள்வி. அதைத்தான் அவளுடையதாக நான் வைத்திருக்கிறேன். அதை வெறுமனே வைத்திருந்தால் போதாது என்று தெரியும். நாளைக்குக் காலையில் பூ, பழம் வாங்க மாமா வருவார். எல்லோரும் இருக்கும்போதே கேட்கப் போகிறேன். என்கூட சென்னைக்கு வந்து ரத்தம் குடுக்கறீங்களா மாமா. இவ்வளவுதான். இதைச் சத்தமில்லாமல் வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போது அக்கா மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னால் குரல் நடுங்குவது தெரியாது என்று

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. இன்னும் தூங்கலையா, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கிறார். மாமாவுக்கு முன்னால் இவரிடம்தான் நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோட்டை ஒளிக்கவில்லை. எழுந்து